கடவாய்ப் பல்

கிளிநொச்சி
06.10.2024

என்ர அப்பாவுக்கு,

உங்கட யது எழுதுறன். இஞ்ச எனக்கு ஒரு குறையுமில்லை. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுறீங்களோ? காது மெசினுக்குப் புது பற்றறி போட்டீங்களோ? முதல் அதைச் சொல்லுங்கோ.

எனக்குப் பக்கத்துக் கட்டில் நிசாந்தினி. செட்டிகுளம் பிள்ளை. "இந்தக் காலத்தில ஆரடி கடிதம் எழுதுறது?" எண்டு சிரிக்கிறாள். விடுதியில எங்களுக்குப் போன் இல்லை, அப்பாவுக்குப் போனில கதைச்சாலும் கேளாது எண்டு சொன்னன். பிறகு அவளே தன்ர பெட்டியைத் திறந்து முத்திரை எடுத்துத் தந்தாள்.

படிப்பு நல்லாப் போகுது. துணுக்காயில நிண்டிருந்தால் கணிதத்துக்கு ரீச்சர் இல்லாமல்தான் சாதாரணதரச் சோதினை எடுத்திருப்பன். அதை நினைச்சுத்தான் உங்களைத் தனிய விட்டிட்டு வந்ததுக்கு மனதைத் தேற்றிக்கொள்ளுறன்.

போன கிழமை பல் டொக்டர் ஆக்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து எல்லாற்ற வாயையும் பார்த்தவை. பெடியங்கள் வாயைத் திறக்க மாட்டம் எண்டு நெளிஞ்ச நெளிவை நீங்கள் பார்த்திருக்க வேணும். எங்கட வகுப்பில அரைவாசிக்கு மேல பல்லுப் பழுதாம். ரொபி, கிறீம் பிஸ்கற், மூண்டு நேரமும் சீனி போட்ட ரீ, படிக்கேக்க எதையாவது கொறிச்சிட்டு அப்பிடியே படுக்கிறது எண்டு அந்த லேடி டொக்டர் எங்கட விடுதிக்குள்ள நிண்டு பார்த்தவா மாதிரியே சொன்னவா. எனக்கு வலது பக்கம் கீழ்க் கடவாய்ப் பல்லில ஓட்டையாம். சின்னப் பிள்ளையளுக்கெண்டால் பள்ளிக்கூடத்துப் பல் கிளினிக்கிலேயே அடைச்சு விடுவினம். எங்களைப் போல வளந்த ஆக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். "இப்ப வந்தால் அடைக்கலாம், பிந்தினால் புடுங்க வேண்டிவரும்" எண்டு சொன்னவா. ஒரு அவசரமும் இல்லை அப்பா. சும்மா உங்களுக்குச் சொல்லுறன்.

மாங்குளம் சந்தியில நீங்கள் எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தது ஞாபகம்தானே? அந்த பஸ்காரன் கோர்ண் அடிச்சு அடிச்சு வர, நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு றோட்டில இறங்கினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. தனிய றோட்டுக்கு வெளிக்கிடக் கூடாது. வாறதெண்டால் பக்கத்து வளவுக் கிருபன் அண்ணையின்ர ஓட்டோவில மட்டும்தான்.

உங்கட சுகத்தை எதிர்பார்த்துக்கொண்டு,
யதுர்ஷிகா


துணுக்காய்
14.10.2024

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறது. கடிதம் கிடைச்சது. ரெண்டு தரம் வாசிச்சன். நான் சுகமாய் இருக்கிறன். காது மெசின் வேலை செய்யுது. பற்றறி மாத்தியாச்சு.

வயலுக்கு முதல் உழவு முடிஞ்சுது. வானம் கறுக்குது, ஆனால் இன்னும் விழேல்லை. விதை நெல்லு எடுத்து வைச்சிட்டன்.

பல்லை அப்பிடியே விடாதை. உன்ர அம்மா இருந்தால் இதெல்லாம் அவாதான் பார்த்திருப்பா. எனக்கு வயல்தான் தெரியும். பிந்தினால் புடுங்கவேணும் எண்டு டொக்டர் சொன்னால் பிந்தக்கூடாது எண்டுதான் அர்த்தம். விடுதி பார்க்கிற வோடன் அம்மாவிட்டச் சொல்லு. ஆரும் பெரியாக்கள் கூட வரவேணுமெண்டால் எழுது, நான் வாறன். கிருபனோட வருவன், பயப்பிடாதை.

வறுத்த கச்சான் கடலை கொஞ்சம் கட்டி அனுப்பியிருக்கிறன். நிசாந்தினிப் பிள்ளைக்கும் குடு.

அப்பா
சின்னராசா


கிளிநொச்சி
10.11.2024

அன்பான அப்பாவுக்கு,

மழை தொடங்கியிட்டுது. உங்களுக்கு நெஞ்சில சளி கட்டேல்லைத்தானே? வயலுக்குப் போகேக்க காது மெசினைப் பொலித்தீன் பைக்குள்ள வைச்சுக்கொண்டு போங்கோ. பதில் எழுதச் சுணங்கினதுக்குக் கோவிக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் மேலதிக வகுப்பு.

கச்சான் நல்ல ருசி. எல்லாரும் அடிபட்டுச் சாப்பிட்டம்.

பல்லு இடைக்கிடை குத்துது. குசினியில சமைக்கிற அக்கா கிராம்பு தந்தவா. அதைக் கடிச்சுக்கொண்டிருக்கச் சுகமாக் கிடக்கு. வோடன் அம்மா என்னைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவா. அதால நீங்கள் மினைக்கெட்டு வரத் தேவையில்லை. விதைப்பு நேரம் வயலை விட்டிட்டு வந்தால் ஆர் தண்ணி பார்க்கிறது?

கணிதத்துக்கு எழுபத்தெட்டு எடுத்தனான். ரீச்சர் என்னைப் பலகையில கணக்குச் செய்யக் கூப்பிட்டவா. செய்தன். ஆனால் விளங்கப்படுத்தச் சொல்ல, வாயைத் திறக்க முதல் பல்லுக்குள்ள குளிர்காத்துப் போய் ஒரு குத்துக் குத்திச்சுது. எல்லாரும் எனக்கு வெக்கம் எண்டு நினைச்சிட்டினம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.
யது


துணுக்காய்
24.11.2024

மகள் யதுவுக்கு,

அப்பாவுக்குச் சளியில்லை, காய்ச்சலுமில்லை. விதைச்சாச்சு. பயிர் ஒரு சாண் நிக்குது. தண்ணி கூடிப்போச்சு, வடிய விட்டிருக்கிறன்.

கிளினிக்குக்குப் போனனீயோ? வோடன் அம்மா கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவா எண்டு எழுதியிருக்கிறாய். போனதையோ, டொக்டர் என்ன சொன்னவர் எண்டதையோ எழுதேல்லை. அதை எழுது.

விடுமுறைக்குக் கிருபனைக் கூட்டிக்கொண்டு உன்னை ஏத்த வருவன். நீ வந்தவுடன மல்லாவி ஆஸ்பத்திரியில காட்டுவம்.

முருங்கை காய்ச்சுக் கிடக்கு. நீ வந்தால்தான் பிடுங்கிறது.

அப்பா


கிளிநொச்சி
09.01.2025

அன்புள்ள அப்பா,

உங்களை விட்டிட்டு வந்து ஒரு கிழமை. நான் வரேக்க உங்கட கால் வீக்கம் வத்தேல்லை. இப்ப எப்பிடி? சேத்துக்குள்ள கன நேரம் நிக்காதேங்கோ.

உங்களுக்கு ஒரு சந்தோசமான செய்தி. பல்லு நோ முழுக்க நிண்டிட்டுது! வீட்டில நான் ஒரு பக்கத்தால சாப்பிட்டதைப் பார்த்து நீங்கள் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தீங்கள். மல்லாவிக்கு வா வா எண்டு நிண்டீங்கள். நான்தான் கிளிநொச்சியில திகதி குடுத்திருக்கினம் எண்டு மறிச்சனான். பாருங்கோ, இப்ப தண்ணி பட்டாலும் கூசேல்லை, கடிச்சாலும் ஒண்டும் தெரியேல்லை. அது செத்த பல்லு மாதிரிக் கிடக்கு. இனி ஏன் அதைப் போய்த் தோண்டுவான்? சோதினை முடியட்டும், ஆறுதலாக் காட்டுவம்.

உண்மையைச் சொல்லுறன், எனக்குப் புடுங்கிறது எண்டால் சரியான பயம் அப்பா. பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளை புடுங்கிப்போட்டு ஒட்டின கன்னத்தோட வந்தவள். பெடியங்கள் அவளை "கிழவி" எண்டு கூப்பிடுறாங்கள்.

சோதினை பங்குனி நடுவில. இப்ப நிம்மதியாப் படிக்கிறன்.

பொங்கலுக்கு வரமாட்டன். எனக்கும் சேர்த்து ஒரு கரண்டி சாப்பிடுங்கோ.

யது


துணுக்காய்
20.01.2025

அன்பு மகள்,

நீ சுகமெண்டு எழுதினது பெரிய ஆறுதல். கால் வீக்கம் வத்திப்போச்சு. காது மெசினுக்கும் ஒண்டுமில்லை, நல்லாக் கேக்குது.

நோ நிண்டதெண்டால் நல்லதுதான். பல்லுக்கு என்ன வழி எண்டு எனக்கு விளங்கிறேல்லை. உழுந்துக்குப் பூச்சி விழுந்தால் என்ன அடிக்கிறதெண்டு கேள், சொல்லுவன். எதுக்கும் சோதினை முடிஞ்ச அடுத்த நாள் காட்டுவம். அதுக்குப் பிறகு சாட்டுச் சொல்லக்கூடாது.

தனியப் பொங்கினன். கிருபன் வீட்டுக்காரர் வந்து சாப்பிட்டினம். நெல்லுக் கதிர் தள்ளியிட்டுது. மாசிக் கடைசியில வெட்டலாம். கிருபன் வெட்டு மெசினோட முழங்காவில் பக்கம் போயிடுவான், அதால ஓட்டோ ஓடாது. வெட்டு முடிய ரெண்டு பேருமா வந்து உன்னைப் பார்ப்பம்.

அப்பா


கிளிநொச்சி
21.02.2025

அப்பாவுக்கு,

நல்ல சுகம்தானே?

எனக்குக் கொஞ்சம் தடிமன், மூக்கடைப்பு. முகம் ஒரு பக்கம் கனக்கிற மாதிரிக் கிடக்கு. பனடோல் போட்டனான். எழுத்துக் கோணலா இருந்தால் பேசாதேங்கோ, கட்டிலில படுத்துக்கொண்டு எழுதுறன்.

கிருபன் அண்ணை வெட்டுக்குப் போயிட்டாரோ? அப்ப நீங்கள் வெளிக்கிட வேண்டாம். நெல்லு உதிர முதல் வெட்டுங்கோ. நான் சோதினை முடிஞ்சு வாறன்.

அப்பா, மாங்குளத்துச் சத்தியம்.

யது


துணுக்காய்
01.03.2025

என்ர பிள்ளைக்கு,

தடிமன் எப்பிடி? காய்ச்சல் இருக்கோ? கொத்தமல்லி அவிச்சுத் தரச்சொல்லி குசினி அக்காவைக் கேள்.

வெட்டு முடிஞ்சுது. நல்ல விளைச்சல். காய வைச்சிருக்கிறன்.

உன்ர எழுத்தைப் பார்த்த நேரம் தொடக்கம் மனம் ஒரு நிலையில இல்லை. ஒருக்கா முகத்தைப் பார்த்தால் காணும் போல கிடந்தது. சரி, சோதினைப் பிள்ளையைக் குழப்பக்கூடாது.

தோடம்பழம் தின்னு. இந்தக் கடிதத்துக்கு உடன பதில் போடு. ரெண்டு வரி காணும்.

அப்பா


செட்டிகுளம்
10.04.2025

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

நிசாந்தினி எழுதுறன். உங்கட சுகத்தைக் கேக்க எனக்கு நா எழும்பேல்லை. ஆனாலும் கேக்கிறன். சாப்பிடுறீங்களோ மாமா?

யதுவின்ர முப்பத்தோராம் நாளுக்கு வர நினைச்சனான். அம்மாவுக்கு வேலைத்தலத்தில லீவு குடுக்கேல்லை. தனிய அனுப்பப் பயப்பிட்டா. அதுதான் எழுதுறன்.

நீங்கள் மாசி முடிய எழுதின கடிதம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் விடுதிக்கு வந்தது. நான் பிரிக்கேல்லை. இதுக்குள்ள வைச்சிருக்கிறன்.

செத்தவீட்டில உங்களோட கதைக்க எனக்கு வழி தெரியேல்லை. நீங்கள் ஒவ்வொருத்தரையும் பார்த்து "பல்லாலயோ?" எண்டு கேட்டீங்கள். அதுக்கு நான் பதில் சொல்ல வேணும். அவளின்ர பக்கத்துக் கட்டில் நான்.

ஐப்பசி மாசமே அவள் வோடன் அம்மாவிட்டக் கேட்டவள். கிளினிக்கில பல்லுப் புடுங்கிறதெண்டால் வீட்டுக்காரர் வந்து ஓம் எண்டு சொல்லவேணும், அப்பாவை வரச்சொல்லும் எண்டு வோடன் அம்மா சொன்னவா. யது தலையாட்டினவள். பிறகு வோடன் அம்மா கேக்கிற நேரமெல்லாம் "அப்பா வாற ஞாயிறு வருவார்" எண்டு சொல்லுவாள். உங்களுக்கு "வோடன் அம்மா கூட்டிக்கொண்டு போவா" எண்டு எழுதுவாள். ஏனடி ரெண்டு பக்கமும் பொய் சொல்லுறாய் எண்டு நான் பேசினனான். "அப்பாவுக்கு பஸ் வாற சத்தம் கேக்காது நிசா. நீ அண்டைக்கு மாங்குளத்தில நிக்கேல்லை" எண்டு மட்டும் சொன்னவள்.

நோ நிண்ட அண்டைக்கு நாங்கள் ரெண்டு பேரும் துள்ளினம். அது உள்ளுக்குள்ள நரம்பு செத்ததாம், நஞ்சு அடியால இறங்கத் தொடங்கிற நேரமாம். பிறகுதான் டொக்டர் வோடன் அம்மாவுக்குச் சொன்னவர். எங்களுக்கு ஆர் சொன்னது?

மாசி நடுவில தாடைக்குக் கீழ வீங்கத் தொடங்கிச்சு. சால்வையால மூடிக்கொண்டு வகுப்புக்கு வந்தவள். பிறகு வாய் ரெண்டு விரல் போற அளவுதான் திறக்கும். நோயாளர் அறையில படுக்க வைச்சினம். வோடன் அம்மா பனடோல் குடுத்து, அப்பா எப்ப வாறார் எண்டு கேட்டவா. "ஞாயிறு" எண்டாள்.

நீங்கள் சிவராத்திரிக்கு அடுத்த நாள் வந்தது எங்களுக்குத் தெரியும். தோடம்பழப் பை வந்தது. கேற்றில நிக்கிற வாச்சர் ஐயா, "பிள்ளைக்குச் சுகமில்லை, உள்ள போய்ப் பாருங்கோ எண்டு சொன்னனான், தலையாட்டிப்போட்டுப் பையைத் தந்திட்டு அவசரமாப் போயிட்டார்" எண்டு சொன்னவர். வயல் வேலையாக்கும் எண்டு நாங்கள் நினைச்சம். யது அந்தப் பையை மடியில வைச்சுக்கொண்டு கன நேரம் இருந்தவள். "தனிய வந்திருக்கிறார். திரும்பிப் போய்ச் சேர்ந்திருப்பாரோ?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவள். நான் பழத்தைப் பிழிஞ்சு கரண்டியால பருக்கினன். பாதி வெளியால வழிஞ்சுது.

அதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலமை மூச்சு இழுக்கத் தொடங்கிச்சு. அம்புலன்ஸ் வந்தது. வாசலில வைச்சு என்ர கையை விடமாட்டன் எண்டாள்.

மாமா, நான் சோதினை எழுதினனான். அவளின்ர சுட்டிலக்கம் ஒட்டின மேசை எனக்கு முன்னால வெறுமையாக் கிடந்தது. கணிதப் பேப்பர் அண்டைக்கு மேற்பார்வைக்கு வந்த சேர், அந்த மேசையிலயும் ஒரு வினாத்தாள் வைச்சிட்டுப் போனவர். பிறகு வந்து எடுத்துக்கொண்டு போனவர்.

நான் வோடன் அம்மாவிட்ட உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள். என்னை மன்னியுங்கோ.

நிசாந்தினி


துணுக்காய்
24.04.2025

பிள்ளை நிசாந்தினிக்கு,

சின்னராசா எழுதுறது. நீரும் அம்மாவும் சுகமாயிருக்க வேணும்.

மன்னிப்பு எண்டு எழுதியிருக்கிறீர். உம்மில ஒரு பிழையுமில்லை. நீர் பிள்ளை. நாங்கள் பெரியாக்கள் எத்தினை பேர் இருந்தம்.

நான் அவசரமாப் போகேல்லை, பிள்ளை. வாச்சர் சொன்னது எனக்கு விளங்கேல்லை. காது மெசின் தை மாசம் வாய்க்காலுக்குள்ள விழுந்து பழுதாப் போச்சு. மகள் கவலைப்படுவாள் எண்டு நல்லாக் கேக்குது எண்டு எழுதிப்போட்டன். அந்தாள் உள்ளுக்குக் கையைக் காட்டி, முகத்தைச் சுளிச்சு, ஏதோ சொன்னார். உள்ள வகுப்பு நடக்குது, பார்க்க ஏலாது எண்டு சொல்லுறார் எண்டு நான் எடுத்தன். திருப்பிக் கேட்டிருக்கலாம். காது கேளாதவன் திருப்பித் திருப்பிக் கேட்டால் சனத்துக்கு எரிச்சல் வரும். அதால எதுக்கும் தலையாட்டுறது எனக்குப் பழகிப்போச்சு. தலையாட்டிப்போட்டு வந்திட்டன். என்ர பிள்ளை அந்தச் சுவருக்கு அங்கால படுத்திருந்திருக்கிறாள்.

சண்டை நேரம் விழுந்து அவளின்ர அம்மாவைக் கொண்ட செல்தான் என்ர காதையும் கொண்டுபோனது. அப்ப யது தவழுற பிள்ளை. ஒரு கையில அவளைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை. அவ்வளவுக்குள்ளால கொண்டுவந்த பிள்ளை ஒரு பல்லுக்குப் போயிட்டாள் எண்டு சொன்னால் ஊரில ஒருத்தரும் நம்பினமில்லை. பாம்பு கடிச்சது எண்டால் நம்புவினம். "வேற ஏதோ வருத்தம், மறைக்கிறாங்கள்" எண்டும் கதைச்சினம். கதைக்கட்டும்.

கிளிநொச்சியில இருந்து அவளை மாத்தின யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில நடந்ததை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உமக்குச் சொல்லுறன். விடுதியில இருந்து கிருபனின்ர போனுக்குச் செய்தி வந்தவுடன, அவன் மெசினை வயலிலயே விட்டிட்டு வந்து என்னை ஏத்திக்கொண்டு போனவன். உள்ள விட்டவை. தொண்டையில குழாய். அவளுக்குக் கதைக்க ஏலாது, எனக்குக் கேக்க ஏலாது. கழுத்து வீங்கி முகமே வேற மாதிரி. ஆனால் கண் அவளின்ர கண். என்னைக் கண்டவுடன என்ர கையை இழுத்து, உள்ளங்கையில விரலால எழுதினாள். முதல் தரம் எனக்குப் பிடிபடேல்லை. திருப்பி எழுதினாள்.

"தனியவோ?" எண்டு.

இல்லை எண்டு தலையாட்டி, கண்ணாடிக்கு வெளியால நிண்ட கிருபனைக் காட்டினன். அவனைப் பார்த்தாள். பிறகுதான் கையை விட்டவள். பிறகு முழிக்கேல்லை.

உம்மட்ட ஒண்டு கேக்கவேணும். எனக்கு அவளின்ர குரல் தெரியாது, பிள்ளை. மெசின் போட்டாலும் தூரத்தில ரேடியோ இரையிற மாதிரித்தான். எனக்காக மெதுவா, சொண்டை அசைச்சு அசைச்சுக் கதைப்பாள். மற்ற ஆக்களோட கதைக்கேக்க எப்பிடி இருக்கும்? நேரம் கிடைச்சால் எழுதும்.

இன்னொண்டு. உமக்குப் பல்லு எப்பிடி? மறைக்காமல் எழுதும்.

சின்னராசா


கிளிநொச்சி
11.05.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கட கடிதத்தை அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். அம்மா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னவா. உயர்தர வகுப்புத் தொடங்கினதால நான் திரும்ப விடுதிக்கு வந்திட்டன். யதுவின்ர கட்டிலில இன்னும் ஒருத்தரும் படுக்கேல்லை.

வாச்சர் ஐயா சொன்னதை நான் எழுதியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாமல் போச்சு மாமா.

அவளின்ர குரல் கொஞ்சம் கரகரப்பு. தடிமன் பிடிச்ச ஆக்கள் கதைக்கிற மாதிரி. ஆனால் கணக்கு விளங்கப்படுத்தேக்க சுத்தமா வரும், ஒரு சொல்லும் தடக்காது. கோவம் வந்தால் குரல் கீச்செண்டு போகும், அதைக் கேட்டு நாங்கள் சிரிக்க, அவளும் சிரிச்சிடுவாள். சிரிச்சால் குசினி மட்டும் கேக்கும். கடைசி மாசங்களில கையால வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிச்சவள். உங்களைப் பற்றிக் கதைக்கேக்க மட்டும் மெதுவாக் கதைப்பாள். உங்களோட கதைச்சுப் பழகினதாலயாக்கும், சொண்டையும் அசைச்சு அசைச்சு.

எனக்குப் பல்லு நல்லமில்லை மாமா. மேல் கடவாயில ஒண்டும் கீழ ஒண்டும் ஓட்டை. கீழதான் ஒரு கிழமையாக் குத்துது. வோடன் அம்மா இப்ப ஆரையும் தானே கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லுறா. ஆனால் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குக் கிட்டப் போக ஏலாமல் கிடக்கு. அவளை ஏத்தி இறக்கின இடம் அது. ஊசி போடேக்க சத்தம் போட்டு அழுதுபோடுவன், எல்லாரும் சிரிப்பினம். அம்மாவுக்கு லீவு கிடைக்காது. விடுதியில இன்னும் மூண்டு பிள்ளையள் கன்னத்தைப் பிடிச்சுக்கொண்டு திரியினம். ஒருத்தரும் போகினமில்லை. எல்லாருக்கும் பயம்.

நோ நிண்டிடுமோ எண்டுதான் எனக்கு இப்ப கூடின பயம்.

நிசாந்தினி


துணுக்காய்
20.05.2025

அன்பான பிள்ளை நிசாந்தினிக்கு,

கடிதம் கிடைச்சது. நான் சாப்பிடுறன் எண்டு அம்மாவுக்குச் சொல்லும்.

குரலைப் பற்றி எழுதின இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். கரகரப்பு எண்டு எழுதியிருக்கிறீர். அவளின்ர அம்மாவுக்கும் அப்பிடித்தான். அம்மாவின்ர குரல் எனக்கு ஞாபகம் இருக்கு. இனி ரெண்டையும் சேர்த்து நினைச்சுக்கொள்ளலாம்.

வாற கிழமை புதன்கிழமை காலமை நானும் கிருபனும் வாறம். வோடன் அம்மாவுக்கும் உம்மட அம்மாவுக்கும் கிருபன் கதைச்சுப்போட்டான். ரெண்டு பேரும் ஓம் எண்டவை. நீரும் அந்த மூண்டு பிள்ளையளும் வெளிக்கிட்டு நில்லுங்கோ. காலமைச் சாப்பாட்டைச் சாப்பிட்டிட்டு வாங்கோ, வெறும் வயித்தோட வரக்கூடாதாம். ஒரே நாளில எல்லாருக்கும் முடியாட்டி அடுத்த புதனும் வருவன். அதுக்கு அடுத்த புதனும் வருவன். இப்ப வயலில எனக்கு வேலையில்லை.

ஆஸ்பத்திரி வாசல் எனக்கும் கஸ்டம்தான். ரெண்டு பேருமாப் போவம்.

உள்ள டொக்டர் ஏதும் கேட்டால் நீர்தான் எனக்கு எழுதிக் காட்ட வேணும். விளங்காட்டி இனித் தலையாட்ட மாட்டன், திருப்பிக் கேப்பன். எத்தினை தரமெண்டாலும் கேப்பன். உமக்கு ஊசி போடேக்க நான் கதிரைக்குப் பக்கத்தில கையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். சத்தம் போட்டு அழுதால் ஆரும் சிரிப்பினம் எண்டு யோசிக்க வேண்டாம். சிரிக்கிறவை சிரிக்கட்டும். எனக்கு ஒண்டும் கேளாது. நீர் விரும்பின அளவுக்கு அழும், பிள்ளை.

புதன்கிழமை சந்திப்பம்.

யதுவின்ர அப்பா